எரிச்சலுக்கு இரவல் சத்தம்

ஆம்புலன்ஸ் போனால் நான் கும்பிடுவேன். உள்ளே யார் படுத்திருக்கிறார்களோ, அவர்கள் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொள்வேன். ஈரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அப்படித்தான், டெக்ஸாஸுக்கு வந்த பிறகும் அப்படித்தான். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, நான் டிரைவிங் டெஸ்டுக்குப் போன நாள் வரைக்கும்.

அன்று சைரன் கேட்டதும், புத்தகத்தில் படித்திருந்தபடியே வண்டியை வலது ஓரமாக ஒதுக்கினேன். அதுவரை எல்லாம் சரி. ஆனால் வண்டி முழுசாக நிற்பதற்குள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டேன். கண்ணையும் மூடிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுத்த அதிகாரி அம்மா "ஜீசஸ்!" என்று கூவினார். அவரும் அந்த நோயாளிக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். வண்டி யாரோ ஒருவர் வீட்டுப் புல்தரையில் ஏறி, தபால் பெட்டிக்கு மூக்கு முட்ட நின்றிருந்தது.

அந்த அம்மா நல்லவர். திட்டவில்லை. "யூ ஹேவ் அ குட் ஹார்ட், ஹனி. பட் நோ" என்றார்.

தோற்றால் என்ன, இன்னொரு முறை போய்க்கொள்ளலாம் என்று விட முடியாத நேரம் அது. என் கணவருக்கு ஹூஸ்டனில் வேலை. வீடு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற பேர்லேண்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் கம்பெனி அவரை, தீபாவளி முடிந்ததும் லூசியானாவில் இருக்கிற தன் தொழிற்சாலைக்கு, அவர் பேச்சில் பிளான்டுக்கு, போகச் சொல்லிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் போனால் வெள்ளி இரவுதான் திரும்புவார். எங்கள் ஊரில் பஸ் கிடையாது. பால் வாங்கவும் கார், டாக்டரிடம் போகவும் கார், கோயிலுக்கும் கார். ஓட்டத் தெரியாத நான் இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க என்ன செய்வேன்?

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நியூஜெர்சியில் அவருடைய அண்ணன் வீடு. அங்கே பஸ் உண்டு, ரயில் உண்டு, மாடியில் ஓர் அறையும் சும்மா கிடக்கிறது. "தீபாவளிக்குள்ள லைசென்ஸ் வந்துருச்சுன்னா இங்கயே இருங்க. இல்லீன்னா அண்ணன் வீட்டுக்குக் கெளம்பிர வேண்டியதுதான். வேற வழி இல்லை" என்று சொல்லிவிட்டார்.

என் ஓரகத்தி தங்கமானவர். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அடுப்படி அவர் அடுப்படிதான். எனக்கோ, கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் என் கையால் கோலம் போட ஒரு வாசல் கிடைத்திருந்தது. துணி வைக்கிற அறையைக் காலி செய்து, பலகை அடித்து, சாமி படம் வைத்திருந்தேன். பக்கத்திலேயே அம்மன் கோயில். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒருவர் வீட்டு மாடியில் போய் ஒண்டிக்கொள்ள மனசு வரவில்லை.

எனவே கற்றுக்கொண்டாக வேண்டும். சொல்லிக் கொடுக்கிறவர் கணவர். அதில்தான் சிக்கல்.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்ததும், தெருக்கோடியில் இருந்த சர்ச்சின் பார்க்கிங் லாட்டுக்குப் போவோம். அங்கே வார நாளில் ஒரு காரும் இருக்காது. நான் முதலில் அந்தச் சிலுவையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். அவர்கள் இடம் அல்லவா.

"கும்புட்டது போதும், கண்ணாடியப் பாரு. பிரேக்! பிரேக்! பிரேக்!"

"ஏனுங்க, முன்னால ஒண்ணுமே இல்லியே, எதுக்குப் பிரேக்கு?"

"ஒரு பழக்கத்துக்கு. லெஃப்ட்ல திருப்பு. லெஃப்ட்டு! அட, அது ரைட்டு!"

"நீங்க கத்தாம சொன்னா எனக்கு நல்லாவே கேக்கும்."

"நான் எங்க கத்தறேன்? நான் எங்க கத்தறேன்னு கேக்கறேன்!"

பின்சீட்டிலிருந்து பெரியவள், "அப்பா, யூ ஆர் யெல்லிங்" என்பாள். மூன்றாம் வகுப்பு. தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். சின்னவள் தூங்கிவிடுவாள். வீடு வந்து சேரும்போது நானும் அவரும் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு வருவோம். அதன் பிறகு அடுப்படியில் பாத்திரங்கள் பேசும்.

டெஸ்டில் தோற்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் நின்று யோசித்தேன். புடவை சாத்துகிறேன், மாவிளக்கு போடுகிறேன் என்றெல்லாம் வேண்டிக்கொள்வது எனக்குச் சுலபம். சுலபமானதைக் கொடுத்துவிட்டுப் பெரிய வரம் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால், "தாயே, லைசென்ஸ் கையில் வருகிற வரைக்கும் என் வாயிலிருந்து ஒருத்தர் மேலும் கோபமாக ஒரு சொல் வராது. வந்தால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது" என்று வேண்டிக்கொண்டேன்.

சொல்லிவிட்டு வந்த வாரத்தில் ஏறக்குறைய எல்லா ராத்திரியும் பட்டினி. சனிக்கிழமை ஒரு நாள் தப்பித்தேன். அதுவும் அவர் பிளான்டு விஷயமாக வெளியே போயிருந்ததால்.

"இப்படியே போச்சுன்னா லைசென்ஸ் வர்றப்ப சீட்ல உக்கார ஆளு இருக்காது" என்று அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். அதற்கு ஒரு பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்கும் பட்டினி கிடக்கப் பயந்து விழுங்கிவிட்டேன்.

ஆனால் விழுங்கினது போகவில்லை. உள்ளேயே நின்றது. ஒரு நாள் பார்க்கிங் லாட்டில் அவர் பத்து வாட்டி "பிரேக்" சொன்ன பிறகு, வாயைத் திறக்காமல் வீடு வரை வந்து, காரை விட்டு இறங்கி, உள்ளே போகப் பிடிக்காமல் டிரைவ்வே ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முகம் என்ன லட்சணத்தில் இருந்ததோ, பக்கத்து வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஜப்பான் அம்மா குழாயைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

அவரோடு எனக்கு அதுவரை கையசைக்கிற பழக்கம்தான். என் வயசுதான் இருக்கும். அவர் கணவருக்கு ஹூஸ்டன் துறைமுகத்தில் வேலை. அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே உயரம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இரண்டு கன்னத்தையும் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு, "புன் புன்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொல் தெரியாவிட்டாலும் அது என்னைத்தான் சொல்கிறது என்று தெரிந்தது. உம்மென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோமே, அதுதான் புன் புன். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் இல்லை என்று கையசைத்து, வயிற்றிலிருந்து நெஞ்சு வரை விரலால் மேலே ஒரு கோடு இழுத்து, "முக்கா முக்கா?" என்றார். குமட்டிக்கொண்டு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஆகா, அதுவேதான்! வாயை மூடிக்கொண்டு நான் விழுங்கினதெல்லாம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

அப்படி ஆரம்பித்தது எங்கள் சிநேகம். காரணம் என்ன என்று கேட்டார். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி காட்டி, வீட்டுக்குள்ளே இருந்த கணவரைக் கையால் காட்டினேன். உடனே புரிந்துகொண்டார். "ஹஸ்பெண்ட் டீச்சர், நோ குட். மீ டூ. டோக்கியோ. டூ மச் கமி கமி." கமி கமி என்றால் ஓயாமல் அதட்டுவதாம். மறுநாள் காலை தன் காரிலேயே என்னை உட்காரவைத்துப் பழக்குவதாகச் சொன்னார்.

குழந்தைகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிட்டு தினமும் நாங்கள் இரண்டு பேரும் கிளம்புவோம். அவர் கத்தமாட்டார். நான் தப்பாகத் திருப்பினால் "ஓ" என்பார். ரொம்பத் தப்பாகத் திருப்பினால் "ஓ, ஓ" என்பார். அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் எங்களுக்கு இந்தச் சத்தங்கள்தான் பேச்சு.

முன்னால் ஒரு கார் பச்சை விழுந்தும் நகராமல் நின்றால் வருகிற எரிச்சல் "இரா இரா". தோலுக்கடியில் பொடிப்பொடியாகக் குத்தும். ஒருவர் சொன்ன ஒரே வார்த்தை மண்டையில் கல் பட்ட மாதிரி டங்கென்று விழுந்தால் அது "கச்சின்". நாம் சுருக்கென்றது என்போம், அது நெஞ்சில். இவர்களுக்கு மண்டையில். காரணம் சொல்லத் தெரியாமல் மனசுக்குள் பனிமூட்டமாகக் கிடந்தால் "மொயா மொயா". ஒரே விஷயத்தைப் பசை மாதிரி விடாமல் குத்திக்காட்டினால் "நெச்சி நெச்சி".

இப்படி ஒரு ஜனம் எரிச்சலை ரகம் பிரித்து வைத்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். பிறகு யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் குறைவில்லை. நானும் எடுத்துவிட்டேன். சிடுசிடு, கடுகடு, முணுமுணு, நைநை, தொணதொண. அவருக்குத் தொணதொண ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த ண அவர் நாக்குக்கு வரவில்லை. "தோன தோன, மை மதர்-இன்-லா, டெலிபோன்" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தேன். கையை எடுக்காமல்.

சிரித்தாலும் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கோபமான சொல் சொல்லமாட்டேன் என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நாள் முழுக்க "முக்கா முக்கா, இரா இரா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, இது கணக்கில் வருமா, வராதா? ஜப்பான் பாஷை என்பதால் அம்மனுக்குப் புரியாது என்று நினைக்கிற அளவுக்கு நான் அசடு இல்லை.

கோயிலில் அப்போது புதுசாக வந்திருந்த குருக்கள் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சின்னவர். கல்யாணம்கூட ஆகவில்லை. பிராகாரத்தில் பூ ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. கோபமாப் பேசமாட்டேன்னு வேண்டுதல் வச்சிருக்கேன். இப்ப ஜப்பான் பாஷையில கோபத்தச் சொன்னா அது கெட்டுப் போயிருங்களா?"

அவர் பூவை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஜப்பான் பாஷையிலயா? யாரைப் பார்த்துச் சொல்றேள்?"

"யாரையும் பாத்தில்லீங்க. எனக்கு உள்ள இப்படி இப்படி இருக்குன்னு சொல்றது."

"அப்போ அது திட்டு இல்லையேம்மா. தலைவலிக்கறதுன்னு சொல்ற மாதிரிதானே? தலைவலின்னா அம்பாள் கோச்சுப்பாளா?" கையை ஓங்கித் தன் கழுத்தில் அடித்துக்கொண்டார். "இந்தக் கொசுவுக்கு ஏதாவது இருந்தா எனக்கும் ஒண்ணு சொல்லிக் கொடுங்கோ. இந்த ஊர்க் கொசு மந்திரத்துக்கெல்லாம் அடங்கமாட்டேங்கறது."

இரா இரா என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டெஸ்டுக்கு மறுபடி நாள் வாங்கியாயிற்று. அதற்குப் போக வேண்டியது எங்கள் காரில். அதனால் கடைசி வாரம் கணவரோடு ஓட்டித்தான் ஆக வேண்டும். இதற்குத்தான் நான் பயந்தேன். ஜப்பான் அம்மாவோடு ஓட்டும்போது தண்ணீர் மாதிரி போகிற வண்டி, இவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் நொண்டியது.

"பிரேக்! பிரேக்! பிரேக்கு! ஸ்டாப் சைன் கண்ணுக்குத் தெரியலையா?"

நான் நின்றேன். நின்றுவிட்டு, "முக்கா முக்கா" என்றேன்.

"என்னது?"

"முக்கா முக்கா."

"முக்காலா? என்ன முக்கா?"

"இங்க இருந்து இங்க வரைக்கும்" என்று வயிற்றிலிருந்து நெஞ்சு வரை கோடு போட்டுக் காட்டினேன். "கொதிச்சு மேல வருது."

அவர் பயந்துவிட்டார். "வயித்து வலியா? காலைல என்ன சாப்பிட்ட? சோடா வாங்கட்டுமா?"

"சோடாவெல்லாம் வேண்டாமுங்க. சாப்பாட்டுல வர்றதில்ல இது."

"அப்பறம் எதுல வருது?"

வேறு நேரமாக இருந்தால் "உங்களாலதான்" என்று ஆரம்பித்து அவர் அம்மா வரைக்கும் போயிருப்பேன். அன்றைக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். "நீங்க மூணாவது தடவ பிரேக்குங்கறப்ப வருது. மொதல் தடவ வர்றதில்ல. ரெண்டாவதுல இரா இரா. மூணாவதுல முக்கா முக்கா."

பின்சீட்டிலிருந்து பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, சே இட் ஒன்லி ஒன்ஸ்!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. பிறகு, "நீ மோதிருவியோன்னு பயமில்ல எனக்கு. நான் லூசியானா போய்ட்டா நீ தனியா இந்த ரோட்ல போவியே, பக்கத்துல நான் இருக்கமாட்டனே, அதுதான்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் கத்தலுக்குள் இருந்தது பயம் என்று எனக்குத் தெரியாது. நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவரை அவரும் சொன்னதில்லை. "அதுக்கு என்ன சத்தம்னு நாளைக்கு அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்றேன். அதன் பிறகு அவர் பிரேக் என்று ஒரே முறை சொல்லிவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொள்வார். மூன்றாம் முறைக்கு வாய் போகும்போது தானே மூடிக்கொள்வார். அது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு தவறவில்லை.

டெஸ்ட் அன்று விபூதி பூசிக்கொண்டு போனேன். இந்த முறை ஓர் ஆண். பெரிய உடம்பு, வெள்ளை மீசை, வாயில் சூயிங் கம். காரில் ஏறினதும் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பேனாவை டிக் டிக் என்று அழுத்த ஆரம்பித்தார். வழி முழுக்க டிக் டிக். நான் சண்முகா சண்முகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு ஸ்டாப் சைனில் முழுசாக நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். பின்னால் ஒரு பிக்கப் டிரக்குக்காரன் ஹார்னை அமுக்கினான். நான் நகரவில்லை. குறுக்கே ஒரு பாட்டியம்மா நாயோடு நடந்துகொண்டிருந்தார். அவன் விடாமல் அமுக்கினான். இந்தப் பக்கம் பேனா டிக் டிக். என் காதெல்லாம் சூடானது. முன்னால் இருந்த நானாக இருந்தால் ஒன்று பதறி வண்டியை விட்டிருப்பேன், இல்லை கண்ணாடியை இறக்கித் தமிழில் நாலு கேட்டிருப்பேன். கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்க, "இரா இரா, இரா இரா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டேன். பாட்டியம்மாவும் நாயும் அந்தப் பக்கம் ஏறினார்கள். நான் நிதானமாகக் காலை எடுத்தேன்.

டிக் டிக் நின்றது. "வாட்ஸ் தட், மேம்?"

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். பொய் சொல்ல வரவில்லை. "ஜாப்பனீஸ், சார்."

"ஐ தாட் யூ வேர் இண்டியன்."

"எஸ் சார். மை நெய்பர் ஜாப்பனீஸ்."

"வாட்ஸ் இட் மீன்?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் தேடினேன். டெக்ஸாஸில் இருக்கிறவருக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்வது? இந்த ஊர்ப் புல்லில் கால் வைத்தால் ஏறிக் கடிக்கிற நெருப்பெறும்பு ஞாபகம் வந்தது. "இன்சைட், சார். ஸ்மால் ஸ்மால் ஃபயர் ஆன்ட்ஸ். வாக்கிங்."

அந்த மனிதர் குலுங்கிச் சிரித்ததில் கார் ஆடியது. "மேம், ஐ காட் தோஸ் எவ்ரி டே ஆஃப் தி வீக்" என்று சொல்லிவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் போட்டார். அது தன் பேனாவால்தான் என்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

அவர் சிரித்தார் என்பதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை. ஓரமாகப் பின்னோக்கி வண்டியை நிறுத்தச் சொன்னபோது, எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம் போல இடம் விட்டேன். அதற்கு மார்க் வெட்டினார். மிச்சத்தில் பிழைத்தேன். "யூ பாஸ்ட். ப்ராக்டிஸ் யுவர் பார்க்கிங்" என்றார்.

வெளியே பெஞ்சில் என் கணவர் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தலையாட்டினதும் எழுந்து, நான் நீட்டின சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வழியில் கோயில். இறங்கி அம்மனுக்குத் தேங்காய் உடைத்தோம். ஜப்பான் அம்மா வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். அவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அவர் அதற்குள் குனிந்து வணங்கிவிட்டார். நானும் கும்பிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டோம்.

சாயங்காலம் நியூஜெர்சிக்கு போன் போட்டேன். ஓரகத்தி எடுத்தார்.

"அக்கா, நாந்தானுங்க. லைசென்ஸ் வந்துருச்சு. நாங்க இங்கயே இருந்துக்கறோம். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டாரோ என்று எனக்குத் திக்கென்றது.

"நெஜமாவா கண்ணு? நெஜமாலுமே வர்லியா? உம் மச்சாண்டார் ஒரு மாசமா அந்த ரூமக் காலி பண்ணு, காலி பண்ணுன்னு என் உசுர வாங்கிட்டாரு. என் தையல் மெஷின், வெட்டுத் துணி, பொட்டி எல்லாத்தையும் கராஜ்ல கொண்டுபோய்ப் போட்டுட்டு நான் குளுர்ல நின்னு தச்சுட்டிருக்கேன். ஒரு வார்த்த சொல்ல முடியல, வர்றது நீயாச்சே!"

"அக்கா!"

"இரு, இரு, வச்சராத. உம் பொண்ணுங்களுக்குத் தீபாவளிப் பாவாட தைக்கறேன், அளவு சொல்லு. மொதல்ல அவரக் கூப்புட்டு மெஷின மேல தூக்கிட்டு வரச் சொல்றேன்."

போனைக் கீழே வைக்காமலே அவர் கணவரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் பெரியவளைச் சுவரோரம் நிற்கவைத்து, இடுப்பிலிருந்து பிடித்து அளக்க ஆரம்பித்தேன்.